முதல் வேலையின் அனுமதிச் சீட்டு: விழிஞ்ஞக் கரையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் ஏறத்தாழ அந்நாள்களிலேயே கரையேறுகிறது. திருவனந்தபுரத்துக் கடற்கரையின் பிற ஊர்களில் அலையின் உக்கிரத்தால் படகிறக்குவது துர்லபமாகிவிடும் அக்காலத்தில், பாறைமுனைகளும் அலைத்தடுப்புச் சுவர்களும் அணைத்துக் காக்கும் விழிஞ்ஞத்துக் குடாவிலே வள்ளங்கள் போய்வர இயலுவதால், வடக்கிலுள்ள கரையூர்களிலிருந்தும் தெற்கே குமரி மாவட்டத்திலிருந்தும் மீனவர்கள் தங்கள் வள்ளங்களோடு இங்கு வந்து தங்க, ஊர் முழுவதும் ஆண்டின் பெரிய மீன்காலத்துக்குள் பிரவேசிக்கிறது. அன்றியும், ஜூன் 9-க்குப் பின் ஜூலை 31 வரை 52 நாள்கள் இழுவைப் படகுகளுக்குக் கேரளத்தில் தடையிருப்பதால், அந்நாள்களில் வெளியெஞ்சின் பூட்டிய வள்ளங்கள் கொணரும் மீனுக்குக் கிராக்கி ஏறுகிறது. மீனுக்குக் கிராக்கி ஏறும்போது கைகளுக்கும் ஏறுகிறது. வலையைப் பிரித்து உதறவும், ஐஸ் சுமக்கவும், தூண்டிலுக்கு இரை கோக்கவும், ஏலம் நடக்கும் இடத்துக்குக் கூடை தூக்கவும் பையன்கள் அழைக்கப்படுவது இந்தப் பருவத்தில்தான். கூலி ரூபாயாக வராமல் கறிக்கு மீனாக வந்தாலும், அது வேலைதான். அந்தப் பையனுடைய ஜீவியத்தில் அது முதல் வேலை.

பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்லுகிறது? 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016-இல் திருத்தப்பட்டு அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த உருவில், எல்லாத் தொழில்களிலும் அக்குழந்தையை விலக்கிவிட்டு, இரண்டே விதிவிலக்குகளை வைக்கிறது: ஒன்று, பள்ளி நேரம் முடிந்த பின்போ விடுமுறையிலோ தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ ஒத்தாசை செய்வது, மற்றொன்று, சினிமா, தொலைக்காட்சி முதலியவற்றில் கலைஞனாகப் பங்குபெறுவது. விடுமுறை என்ற சொல்லை வைத்து எழுதியவர்கள் வயல் அறுவடையை மனத்தில் வைத்திருக்கலாம், கடலை வைத்திருக்கவில்லை. கேரளத்தின் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. விழிஞ்ஞத்தில் கை தேவைப்படும் மாதங்களோ வகுப்பு நடக்கும் மாதங்கள்.

ஆனால் இக்கட்டுரையின் பிரதான விஷயம் பதினான்குக்குக் கீழ்ப்பட்ட குழந்தையன்று. அவனுக்குத் தடை தெளிவாக இருக்கிறது, தடை தெளிவாக இருப்பது நல்லது. பதினான்கு நிரம்பிப் பதினெட்டு நிரம்பாத பையனும் பெண்ணும் எந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வேலைக்குப் போகிறார்கள் என்பதே நான் ஆராய விரும்புவது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதற்கு விடை சுலபம்: பள்ளி அலுவலகத்தில் கொடுக்கும் வேலைச் சீட்டொன்று உண்டு, வயதுக்கு ஆதாரம், பெற்றோரின் கையொப்பம், வேலை கொடுப்பவர் எழுதும் உறுதி ஆகியவை சேர்ந்த பின்பே அது கைக்கு வருகிறது. நம் தேசத்தில் அத்தகைய பொதுச்சீட்டு இல்லை. ஆயினும் அந்தச் சீட்டின் ஒவ்வோர் அங்கமும் நம்முடைய சட்டங்களிலேயே தனித்தனியே சிதறிக் கிடக்கிறது என்பதும், அவற்றில் ஒன்றுகூட விழிஞ்ஞத்துக் கரைக்கு வந்து சேரவில்லை என்பதும்தான் நான் சொல்ல வந்தது.

சீட்டு என்ற ஏற்பாட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் இருக்கிறது. 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நூற்பாலைகளிலிருந்து விலக்கியது. ஆனால் அக்காலத்தில் அந்நாட்டில் பிறப்பைப் பதியும் சர்க்கார் ஏற்பாடே கிடையாது. ஆகவே வைத்தியர் ஒருவர் குழந்தையைப் பார்த்து, ஒன்பது வயதுக் குழந்தைக்குரிய சாதாரண பலமும் தோற்றமும் இதற்கு இருக்கின்றன என்று எழுதிக் கொடுப்பதே சான்றாயிற்று. வளர்ந்த குழந்தையைக் காட்டிச் சீட்டு வாங்கி, அதைத் தம்பியின் கையில் கொடுத்து அனுப்புவது ஏழைப் பெற்றோருக்குக் கஷ்டமான காரியமாக இல்லை. 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர், உயரத்தைவிட முளைத்த பற்களே வயதுக்கு நம்பத்தக்க சாட்சி என்று வாதித்து ஒரு சிறு நூலைப் பார்லிமெண்டின் கவனத்துக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு ஜூலையில் அங்கே பிறப்புப் பதிவு ஆரம்பமானது. வயதைப் பல்லில் தேட நேர்ந்த காலம் முற்றிலும் மறைந்துவிட்டதென்று எண்ணிவிடலாகாது: நம் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்கூட, பள்ளிச் சான்றும் நகரசபை அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்றும் இல்லாதபோது எலும்பு வளர்ச்சிப் பரிசோதனையை நாடச் சொல்லுகிறது.

இந்தியாவில் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தொழிற்சாலையில் வைக்கக்கூடாதென்றும், ஏழிலிருந்து பன்னிரண்டு வரை உள்ளவர்க்கு ஒன்பது மணி வேலை போதுமென்றும் விதித்தது. 1891-இல் அந்த ஏழு ஒன்பதாயிற்று, 1922-இல் பன்னிரண்டாயிற்று. வயது ஏற ஏற, வயதை நிரூபிக்கும் காகிதத்தின் மதிப்பும் ஏறியது. தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் நியமிக்கப்பட்டு 1931-இல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷனின் விசாரணைகளின் பயனாக, பெற்றோர் முன்பணம் வாங்கிக் குழந்தையின் உழைப்பை அடகு வைப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்கியது. 1938-ஆம் ஆண்டுச் சட்டமோ ரயில்வேயிலும் துறைமுகச் சரக்கு வேலையிலும் சிறுவரை வைப்பதைக் கட்டுப்படுத்தியது.

சுதந்திரம் பெற்ற பின் 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் இவ்விஷயத்தில் ஓர் உத்தமமான ஏற்பாட்டைச் செய்தது. அது அமலிலிருந்த காலத்து விதிகளைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். பதினான்கு நிரம்பிய ஒருவன் ஆலையில் வேலைக்குச் சேர வேண்டுமானால், அவனோ அவன் பெற்றோரோ சான்றளிக்கும் வைத்தியரிடம் மனுச் செய்ய வேண்டும். அம்மனுவோடு, இவன் தகுதியுள்ளவன் என்று நீங்கள் சொன்னால் இவனை என் ஆலையில் வைத்துக்கொள்வேன் என்று மானேஜர் கையொப்பமிட்ட பத்திரமும் இருக்க வேண்டும். அதாவது வேலை எங்கே என்று தெரியாமல் சீட்டு இல்லை. வைத்தியர் வயதையும் சரீரத் தகுதியையும் பரிசோதித்துக் கொடுக்கும் சான்று பன்னிரண்டு மாதமே செல்லும். குறித்த சில வேலைகளுக்கு மாத்திரம் தகுதி என்று நிபந்தனை போடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பரிசோதனைக்கான கட்டணத்தை ஆலைக்காரர் கொடுக்க வேண்டுமே தவிர, பையனிடமோ அவன் வீட்டாரிடமோ அதை வசூலிக்கக் கூடாது. சான்று மானேஜரின் பாதுகாப்பில் இருக்கும். அதன் எண் பொறித்த வில்லையொன்றை வேலை செய்யும் நேரமெல்லாம் பையன் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தால், யார் நீ, உனக்கு என்ன வயது என்று பயமுறுத்திக் கேட்க வேண்டியதில்லை; வில்லையைப் பார்த்தால் போதும். மற்றொருவன் சான்றைத் தன்னுடையதாகக் காட்டுவது தண்டனைக்குரிய குற்றம்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதன் தடைச் சக்தியன்று; பொறுப்பு யாருடையது என்பதை அது முன்கூட்டியே எழுதிவைத்த விதம். வைத்தியர் கையொப்பமிட்டார், மானேஜர் கையொப்பமிட்டார், தகப்பன் மனுக் கொடுத்தான். விபத்து நேர்ந்த பின் மூவரில் ஒருவரும் இந்தப் பையனை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. முக்கால் நூற்றாண்டு நின்ற இச்சட்டம், 2025 நவம்பர் 21 அன்று அமலுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. பழைய சான்றும் வில்லையும் புதிய தொகுப்பின் விதிகளில் எவ்வளவு தூரம் பேணப்படுகின்றன என்பதைத் தொழிலாளர் நலத்தில் சிரத்தையுள்ளவர்கள் கண்காணித்துவர வேண்டும்.

ஆலைக்கு இப்படி, கடலுக்கு எப்படி? கடலும் இவ்விஷயத்தில் சட்டமற்ற வெளியாக இருந்ததில்லை. 1921-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரைக் கப்பலில் வேலைக்கு வைக்க வைத்தியச் சான்று வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. அதை மறு ஆண்டே ஏற்றுக்கொண்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும் பதினைந்து வயதுக்குக் குறைந்தவரைக் கப்பலில் வேலைக்குக் கொண்டுபோகக் கூடாதென்று விதித்து, இளைஞர்க்கு வைத்தியச் சான்றையும் கட்டாயமாக்கியது. ஆனால் ஜெனீவா உடன்படிக்கையிலும் ஒரு கதவு திறந்திருந்தது: ஒரே குடும்பத்தார் மாத்திரம் வேலை செய்யும் கலத்துக்கு அது பொருந்தாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே கதவு. கூடவே, பெயரளவான ஊதியத்தில் தகப்பன் அல்லது வயதுவந்த நெருங்கிய ஆண் உறவினரின் பொறுப்பில் செல்பவனுக்கும் விலக்கு. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அதே குடும்பக் கதவுதான். ஒரு நூற்றாண்டு காலமாகச் சட்டம் எழுதியவர்கள் எல்லோரும், தகப்பனோடு போகும் பையனுக்குத் தகப்பனே காவல் என்று நம்பியிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையை நான் அவமதிக்கவில்லை. கடல்தொழில் தகப்பனிடமிருந்தும் மாமனிடமிருந்தும் கற்கப்படுவது. நீரோட்டத்தின் போக்கையும், காற்று திரும்பும் நேரத்தையும், கரையிலுள்ள குன்றையும் கோவில் கோபுரத்தையும் அடையாளமாக வைத்துக் கடலடிப் பாறையின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தையையும் எந்தப் பாடசாலையும் முழுதாகக் கற்பித்ததில்லை. ஆனால் இன்றைய விழிஞ்ஞத்து வள்ளத்தில் இருப்பது குடும்பம்தானா என்று கேட்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விளக்கப்படி குடும்பம் என்பது தாய், தகப்பன், உடன்பிறந்தார், தகப்பனுடன் பிறந்தார், தாயுடன் பிறந்தார் ஆகியோர். தாய்மாமன் இதில் உண்டு. அக்காளின் கணவன் இல்லை. கரைச் சமுதாயத்தில் தகப்பன் இறந்தோ நோயுற்றோ வீட்டில் கிடக்கும்போது பையனைக் கடலுக்குக் கூட்டிப் போகிறவன் பெரும்பாலும் அக்காள் புருஷனே. அந்த வள்ளத்தில் பங்குக்கு வரும் மற்ற ஆட்களோ வேறு வீட்டார், சில வேளை வேறு மாவட்டத்தார். பதினான்கு நிரம்பாதவன் தகப்பனோடு போனால் குடும்பத் தொழில், மச்சானோடு போனால் குற்றம் என்று சட்டம் வகுத்த எல்லை கரையில் ஒருவருக்கும் தெரியாது, தெரிவிப்பாரும் இல்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. அபாயகரமானவை என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பின்னாளில் சேர்க்கப்பட்ட வேலைகளில் இயந்திரப் படகில் மீன்பிடிப்பதும் ஒன்று. மீன்துறைக் கணக்கில் உள்ளெஞ்சின் வைத்த விசைப்படகு ஒரு வகுப்பு. வெளியெஞ்சின் பூட்டிய வள்ளம் வேறொரு வகுப்பு. விழிஞ்ஞத்தின் வள்ளங்கள் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவை. பிளைவுட்டாலும் கண்ணாடியிழையாலும் கட்டப்பட்ட அந்த வள்ளம், கரை கண்ணுக்கு மறையும் தூரத்துக்கு இராத்திரியில் ஓடுகிறது. ஆபத்தில் அது விசைப்படகுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. இருந்தும் அது அட்டவணைக்குள் வருகிறதா வெளியே நிற்கிறதா என்று தர்க்கம் செய்ய இடமிருக்கிறது. இடமிருக்கும் வரையில், பதினாறு வயதுப் பையனை அதில் ஏற்றுகிறவர் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டார்.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒகிப் புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது, திருவனந்தபுரம் மாவட்டத்தில் மிகக் கொடிய நஷ்டம் அடைந்த ஊர்களில் பூந்துறையும் விழிஞ்ஞமும் இருந்தன. அந்த நாள்களில் அதிகாரிகளும் பங்குத்தந்தையரும் பட்ட பெரும் பாடுகளில் ஒன்று, எந்த வள்ளத்தில் யார் யார் போயிருந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் தயாரித்தது. கலத்தில் ஏறுகிறவரின் பெயரைக் கரையில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்திருந்தால் அந்தத் தேடல் அவ்வளவு துயரமாக இருந்திராது. பெரியவர்களுக்காவது மீனவர் நலநிதிப் பதிவு என்று ஓர் ஆதாரம் உண்டு. மைனர் ஒருவன் அவ்வாறு போய்த் திரும்பாவிட்டால், அவன் வேலைக்குப் போனான் என்பதற்கே சாட்சியம் தேட வேண்டும். அனுமதிச் சீட்டைத் தடையாக மட்டும் காண்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சிந்திக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

கரையிலிருந்து நகரத்துக்குப் போகும் பாதையில் திருவல்லம் வருகிறது. அங்கே கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி ஸ்டூடியோ இருக்கிறது. விழிஞ்ஞத்தில் கூடை தூக்கும் பன்னிரண்டு வயதுப் பையனையே ஒரு டைரக்டர் பார்த்து, கூடை தூக்கும் பையனாக அந்த ஸ்டூடியோவில் நடிக்கவைக்க விரும்பினால் என்ன நடக்கும்? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, படத்தயாரிப்பாளர் முதலில் கலெக்டரிடம் அனுமதி பெற வேண்டும். நடிக்கும் குழந்தைகளின் பட்டியலையும், பெற்றோரின் சம்மதத்தையும், அவர்களுடைய பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் ஒரு நபரின் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு நபர் ஐந்து குழந்தைகளுக்கு மேல் பொறுப்பேற்கக் கூடாது. நாளொன்றுக்கு ஐந்து மணிக்கு மேல் வேலை இல்லை. ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் இல்லை. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் இல்லை. பாடம் தடைப்படாதபடி படிப்புக்கு வசதி செய்ய வேண்டும். வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமான வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக வைக்கப்பட்டு, வயது வந்தபின் அவனுக்குச் சேர வேண்டும். அனுமதி ஆறு மாதமே செல்லும். இந்தியாவில் மைனருடைய முதல் வேலைக்கு அனுமதிச் சீட்டு என்று உண்மையாகச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

கூடையை நடிப்புக்காகத் தூக்கினால் கலெக்டரின் கையொப்பமும் வங்கிக் கணக்கும். பிழைப்புக்காகத் தூக்கினால் இரண்டும் இல்லை. சினிமாக் குழந்தைக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் முறையீடன்று. அக்குழந்தைக்குக் கொடுத்தது நியாயம். கொடுக்க முடியும் என்பதற்கு அது பிரத்தியட்ச பிரமாணம். ஒரு குறையும் அதிலேயே இருக்கிறது: இவ்விதி பதினான்கு நிரம்பாதவரை உத்தேசித்தது. பிறந்தநாள் ஒன்று கடந்ததும், அதே ஸ்டூடியோவில் அதே பையனுக்கு ஐந்து மணிக் கணக்கும் இருபது சதவீதமும் இல்லாமற் போகின்றன.

சம்பளத்தைக் குழந்தையின் பெயரில் கட்டாயமாகப் போடச் செய்ததன் அருமையை உணர, பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்த்த ராஜ் ராணி எதிர் பிரேம் அதீப் வழக்கை நினைவுகூர வேண்டும். மைனர்ப் பெண்ணொருத்தியைத் தம் படங்களில் நடிக்க வைப்பதாக அவள் தகப்பனோடு படமெடுப்பவர் ஒப்பந்தம் செய்து, பின்பு அதை முறித்துவிட்டார். நஷ்ட ஈடு கேட்ட வழக்கில் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி மைனரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாதது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்த்திருந்தது. செல்லாத வாக்குறுதிக்கு ஈடாகச் செய்த ஒப்பந்தம் தகப்பன் பெயரில் இருந்தாலும் நிற்காது என்று நீதிமன்றம் கண்டது. மைனரைக் காப்பதற்காகப் பிறந்த தத்துவமே, உழைக்கப் போகும் மைனரை நிராயுதபாணியாக நிறுத்தியது. வாய்வார்த்தையில் கூலி பேசிக்கொண்டு வேலைக்குப் போகும் பதினாறு வயதுப் பையன் இன்றும் அந்த நிலையில்தான் இருக்கிறான். ஊதியத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவரைச் சிறார் நீதிச் சட்டம் ஐந்தாண்டுவரை சிறையிலிட இடம் தருகிறது என்பது மெய். ஆனால் ஊதியம் எவ்வளவு பேசப்பட்டது என்பதற்கு எழுத்து எங்கே?

இந்த இடர்ப்பாட்டை அழகாகத் தாண்டியது 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம். பதினான்கு நிரம்பியவன் பழகுநனாகலாம், அபாயத் தொழில்களைச் சார்ந்த பிரிவுகளில் மட்டும் பதினெட்டு வேண்டும். மைனர் சார்பில் காப்பாளர் கையொப்பமிட, அந்த ஒப்பந்தம் தொழிற்பழகுநர் ஆலோசகர் அலுவலகத்தில் பதிவாகும். ஆனால் விழிஞ்ஞத்தில் அந்த வாசல் குறுகியது. 2024 டிசம்பரில் வணிக ரீதியாக இயங்கத் தொடங்கி 2025 மே 2 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சர்வதேசத் துறைமுகத்தில் பளுதூக்கும் இயந்திரங்களை இயக்கக் கரையூர்ப் பெண்களும் பயிற்றப்பட்டிருப்பது பெருமைக்குரிய செய்தி; எனினும் அது வயது வந்தவர்க்குரிய வேலை. பதினைந்து வயதுப் பையனுக்குத் துறைமுக மதிலுக்கு வெளியேதான் வேலை இருக்கிறது: கரையிலும், சந்தையிலும், பக்கத்துக் கோவளத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும்.

அவ்வேலைகளுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஒழுங்குகள் உண்டு. பதினான்கிலிருந்து பதினெட்டு வரையுள்ளவரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மணி ஓய்வு கொடுத்து, ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து ஆறு மணிக்குள் வேலையை முடித்து அனுப்ப வேண்டும். மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 8 மணிக்கு முன்னும் வேலை கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை வேண்டும். வேலைக்கு வைத்த 30 நாள்களுக்குள் உரிமையாளர் இன்ஸ்பெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இவற்றை விழிஞ்ஞத்தின் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராத்திரி கடலுக்குப் போன வள்ளங்களின் மீன் விடியலில் கரை சேர்ந்து, வெயில் ஏறுமுன் ஏலம் போகிறது. கோவளத்துச் சாப்பாட்டுக் கடைகளோ விளக்கேற்றிய பின்புதான் களைகட்டுகின்றன. சட்டம் அனுமதிக்கும் எட்டு மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட நேரம், பெரும்பாலும் பையன் பள்ளியில் இருக்க வேண்டிய நேரம். அதற்கு முன்னும் பின்னும்தான் கரையில் வேலை இருக்கிறது. அந்நேரத்து வேலை முழுவதும் சட்டவிரோதம். சட்டவிரோதமான ஒன்றை எந்தக் கடைக்காரர் 30 நாள்களுக்குள் எழுதி அறிவிப்பார்? மேலும் நேரம், ஓய்வு, அறிவிப்பு ஆகிய இவ்விதிகள், குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் தொழிலுக்குப் பொருந்தா. கடை, பட்டறை, பண்ணை, விடுதி, உணவகம் என்று சட்டம் பெயர் சொல்லும் நிலையங்களில் வள்ளம் இல்லை.

இவ்விடத்தில் கேரளத்தாரிடமிருந்து எழும் ஆட்சேபம் ஒன்று கௌரவமானது. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. கல்விச் செலவு முழுவதையும் ராஜ்ஜியமே ஏற்க வேண்டுமென்று 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் சாஸனம் செய்த பூமி இது. குழந்தைத் தொழிலை ஒழித்த தேசங்கள் ஆலைச் சோதனையால் அல்ல, கட்டாயக் கல்வியால்தான் ஒழித்தன என்று 1991-இல் வெளிவந்த தம் நூலில் அரசியல் ஆய்வாளர் மைரன் வீனர் வாதித்தபோது, இந்தியாவின் மற்றப் பாகங்களுக்கு எதிராகக் கேரளத்தை எடுத்துக்காட்டினார். அப்படிப்பட்ட நாட்டில் மைனருக்கு வேலைச் சீட்டு கொடுக்கத் தொடங்கினால், பள்ளியை விட்டு வெளியேற அரசே வழி காட்டியதாகாதா என்பது அந்த ஆட்சேபம்.

வீனரின் வாதம் எனக்கும் உடன்பாடே. ஆனால் அரசியல் சட்டத்தின் கல்வி உரிமை பதினான்கோடு நின்றுவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கில் குழந்தைத் தொழிலாளர் என்று எண்ணப்படுவோரும் ஐந்திலிருந்து பதினான்கு வயது வரை உள்ளவரே. அதற்கு மேற்பட்ட பதினைந்து, பதினாறு, பதினேழு வயதினர் பெரியவர்களின் கணக்கிலே கரைந்துவிடுகிறார்கள். எண்ணப்படாதவரைப் பள்ளியில் வைத்திருக்கிறோம் என்று பெருமை கொள்வது எங்ஙனம்? சீட்டு இல்லாத காரணத்தால் பையன் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. போவது தலைமையாசிரியருக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவே. 2017-ஆம் ஆண்டு விதிகள், முப்பது நாள் தொடர்ந்து சொல்லாமல் வராத குழந்தையைப் பற்றித் தலைமையாசிரியர் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று ஏற்கெனவே விதித்திருக்கின்றன. முப்பது நாள் கழிந்த பின் தகவல் சொல்லும் கடமையுள்ளவரிடம், முதல் நாளுக்கு முன்னே சம்மதம் கேட்கச் செய்வதுதான் நான் வேண்டுவது.

அந்தச் சீட்டில் இருக்க வேண்டியவை யாவை என்பதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பழைய ஆலைச் சட்டத்திலிருந்து வைத்தியப் பரிசோதனையும், வேலை கொடுப்பவரின் எழுத்துறுதியும், ஓராண்டுக் கெடுவும், கட்டணம் பையன் தலையில் விழாத நியாயமும் கிடைக்கின்றன. சினிமா விதியிலிருந்து பெயர் குறிக்கப்பட்ட பாதுகாப்பாளரும், மணிக்கணக்கும், அவன் பெயரிலான வைப்புத்தொகையும். பழகுநர் சட்டத்திலிருந்து காப்பாளரின் கையொப்பமும், அரசு அலுவலகப் பதிவும். வயதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ பிறப்புச் சான்றோ போதும். 2023 அக்டோபர் முதலாகப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றே தனி ஆதாரம் என்று சட்டமாகிவிட்டது. குமரி மாவட்டத்துப் பையன் விழிஞ்ஞத்துக்கு வந்து வேலை செய்தால், அவன் பள்ளிச் சான்று தமிழ்நாட்டினது, வேலையிடம் கேரளத்தினது என்ற காரணத்தால் அவன் இரு பக்கமும் கைவிடப்படக் கூடாது. 1956 நவம்பர் 1 வரையில் ஒரே ராஜ்ஜியமாக இருந்த இக்கரைகளின் பள்ளிகள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்வது கஷ்டமான காரியமன்று.

கடலைப் பொறுத்தமட்டில் என் அபிப்பிராயம் இன்னும் கண்டிப்பானது. 2007-ஆம் ஆண்டின் மீன்பிடித்தொழில் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, கலத்தில் வேலை செய்யக் குறைந்த வயது பதினாறு என்றும், அபாயகரமான வேலைக்குப் பதினெட்டு என்றும், வைத்தியச் சான்று வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஏற்கும் வரை காத்திராமல், வெளியெஞ்சின் வள்ளத்தில் இராக்கடலுக்குப் போவதைப் பதினெட்டு வயது வரை ஐயத்துக்கிடமின்றி விலக்கிவிட வேண்டும். தகப்பன் கூட இருந்தாலும் சரியே. ஒகிப் புயலில் தகப்பனால் தன்னையே காத்துக்கொள்ள முடியவில்லை. கரை வேலைக்கும் கடை வேலைக்கும், பதினான்கு நிரம்பியவர்க்குச் சீட்டோடு, பள்ளி முடிந்த மாலை நேரத்திலும் விடுமுறையிலும், குறைந்த மணிகளுக்கு இடம் கொடுக்கலாம். இவ்வேலைகளுக்கான விதிகளை வகுக்க மாநில சர்க்காருக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. கேரளத் தொழிலாளர் துறை முன்வந்தால், விழிஞ்ஞத்துப் பள்ளிகளிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் அதை முதலில் பரீட்சித்துப் பார்க்கலாம். பங்கு ஆலயமும் ஜமாஅத்தும் கூட நின்றால், சட்டம் நுழையத் தயங்கும் வீடுகளிலும் செய்தி நுழையும்.

அதுவரையில் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ பதினெட்டு நிரம்புமுன் வேலைக்குப் போவதானால், வேலை கொடுப்பவரின் பெயர், வேலையின் தன்மை, நேரம், கூலி இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, அவர் கையொப்பத்தை வாங்கி வீட்டில் வையுங்கள்; அதன் நகலொன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நீங்களே ஒரு மைனரைக் கடையிலோ பட்டறையிலோ வைத்திருப்பவராக இருந்தால், வேலைக்கு வைத்த 30 நாள்களுக்குள் இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டிய அறிவிப்பு இப்போதே சட்டத்தில் இருக்கிறது. அதை இன்றே எழுதி அனுப்புங்கள்.